அறுத்த வயலில் ஆட்டுக்கிடை

காவிரிப் படுகையில் சம்பா அறுவடை தை, மாசியில் முடியும். நெல் களத்துக்குப் போனபின் வயலில் மிஞ்சுவது தாளும், சிந்திய கதிரும், வரப்போரப் புல்லும்தான். அன்று தொடங்கி, மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துசேரும் ஆனி மாதம் வரை, இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து நடந்து வந்த செம்மறிக் கிடைகள் அந்த வயல்களில் தங்கும். பகலில் ஊர் முழுக்க மேய்ச்சல். இரவில் யாராவது ஒருவருடைய வயலில் அடைப்பு. அடைந்த இடத்தில் விழும் புழுக்கையும் மூத்திரமும் அடுத்த போகத்துக்கு உரம். அதற்கு வயல்காரர் நெல்லாகவோ காசாகவோ கூலி கொடுப்பார். ஒரே நிலம் ஆறேழு மாதம் உழவனுக்கும், மீதி மாதங்கள் மேய்ப்பனுக்கும் சோறு போட்டது. தமிழ்நாட்டு இடம்பெயர் மேய்ப்பர்களின் நிலப் பயன்பாடு மாறிய கதை, காலத்தால் பங்கிட்டுக்கொண்ட இந்த ஏற்பாடு நெடுங்காலம் நிலைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்த கதை.

கிடையின் தலைவர் கீதாரி. பல குடும்பங்களின் ஆடுகள் சேர்ந்தே ஒரு கிடை. சில நூறிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் தலை இருக்கும். எந்த ஊருக்குப் போவது, யார் வயலில் எத்தனை இரவு மறிப்பது, என்ன கூலி என்று பேசி முடிப்பவர் கீதாரி. ஆடுகள் யார் பயிரிலாவது வாய் வைத்துவிட்டால் ஊரார் முன் போய் நிற்பதும் அவரே. குடும்பத்துப் பெண்கள் சட்டி பானையோடு கூடவே நகர்வார்கள். பிறந்த குட்டிகளைப் பகலில் மூங்கில் கூடுகளைக் கவிழ்த்து அடைத்து வைப்பதும், சாயங்காலம் தாயாடுகளிடம் பால் குடிக்க விடுவதும் பெரும்பாலும் அவர்கள் வேலை. சு. தமிழ்ச்செல்வி இவர்களைப் பற்றி எழுதிய நாவலின் பெயரே ‘கீதாரி’. கரிசல் காட்டுக் கிடைகளைப் பற்றி கி. ராஜநாராயணன் எழுதிய குறுநாவல் ‘கிடை’.

இந்த அலைச்சலுக்கு அடிப்படை மழை. இராமநாதபுரம் வடகிழக்குப் பருவமழையை நம்பிய வறண்ட சீமை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை கண்மாய்களை நிரப்பும். புரட்டாசியில் விதைத்த நெல் தையில் வீட்டுக்கு வரும். பங்குனிக்குள் பூமி வெடித்துவிடும். கோடையில் அங்கே ஆடுகளுக்குப் புல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை. அதே கோடையில் காவிரிப் படுகையில் பரந்த தாள் நிலம் ஆளில்லாமல் கிடந்தது. அங்கே மண்ணுக்கு எருத் தேவை. இங்கே ஆட்டுக்குத் தீனி தேவை. கீதாரியின் நடை இந்த இரண்டையும் இணைத்தது. மழைக்காலத்தில் பயிர் ஏறிய பூமியிலிருந்து ஒதுங்கி மேட்டுத் தரிசு, கண்மாய்க் கரை, செம்மண் பொட்டல், அறுவடைக்குப் பின் தாள் நிலம், கோடையில் படுகை, ஆடியில் ஊர் திரும்பல் என்பதே அவர்களின் ஆண்டுச் சுற்று. இராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூர் ஆடுகள் நெடுநடைக்கும் வெக்கைக்கும் தாக்குப்பிடிப்பவை. இவற்றை உருவாக்கியதில் இந்த வழித்தடங்களுக்கும் பங்கு உண்டு.

கிடை மறிப்பதன் பழமைக்குத் தென்னிந்தியாவில் மண்ணுக்குள்ளேயே சான்று கிடக்கிறது. தெலங்கானாவின் உட்னூரில் 1957இல் எஃப். ஆர். ஆல்சின் அகழ்ந்த சாம்பல் மேடு, புதிய கற்கால மக்கள் மாடுகளை அடைத்து வைத்த பட்டியின் மிச்சம். பட்டியில் குவிந்த சாணத்தை மீண்டும் மீண்டும் எரித்ததால் ஏற்பட்ட மேடு அது. மாட்டுக் குளம்புகளின் தடங்கள்கூட அதில் பதிந்திருந்தன. தக்காணத்தில் இத்தகைய மேடுகள் ஏராளம். சாணம் அங்கே எரிக்கப்பட்டது, வயலுக்குப் போகவில்லை. மேய்ச்சலும் உழவும் கைகோத்துக்கொள்வதற்கு இன்னும் காலம் இருந்தது.

சங்க இலக்கியத்தில் அந்தக் கைகோப்பு தெளிவாகவே தெரிகிறது. காடும் காடு சார்ந்த இடமும் முல்லை; அதன் மக்கள் ஆயர், இடையர். பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள் மோரைக் கொடுத்துத் தானியம் வாங்குகிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னை வாங்க மறுத்து, எருமையும் பசுவும் கேட்கிறாள். தன் செல்வம் மந்தையில்தான் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. மந்தைக்காக உயிர் கொடுத்தவர்களுக்குக் கல் நட்டார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ்-பிராமி நடுகல் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலைச் சொல்கிறது. பிற்காலத்து நடுகற்கள் செங்கம் வட்டாரத்தில் வரிசையாக நிற்கின்றன. எல்லை வகுக்காத புல்வெளியில் மந்தையைக் காப்பதே நிலத்தைக் காப்பதாக இருந்த காலம் அது.

பல்லவர் காலச் செப்பேடுகளில் ‘இடைப்பூட்சி’ என்ற வரி வருகிறது. இடையர் செலுத்திய வரி அது. மேய்ச்சல் அரசின் கணக்குக்குள் வந்துவிட்டதற்கு அடையாளம். சோழர் காலத்தில் கோயில், மேய்ப்பனையும் நிலத்தையும் புதிதாகப் பிணைத்தது. அணையா விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் தானம். அந்த ஆடுகள் மன்றாடிகள் எனப்பட்ட இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒவ்வொரு விளக்குக்கும் நாள்தோறும் உழக்கு நெய் அளப்பது அவர்கள் கடமை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 96 ஆட்டுக்கு ஈடாக 48 பசு, அல்லது 16 எருமை என்ற கணக்கே இருக்கிறது. ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று அழைக்கின்றன. சாவாமலும் மூப்படையாமலும் இருப்பது மந்தை. செத்த ஆட்டுக்குப் பதில் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்க வேண்டியவன் மன்றாடி. சந்திரசூரியர் உள்ளவரை எரிய வேண்டிய அத்தனை விளக்குகளின் ஆடுகளுக்கும் மேய்ச்சல் வேண்டும். அந்த மேய்ச்சல் நிலம் பற்றி ஒரு தடயம், ஊர்களைத் தானம் கொடுக்கும் செப்பேடுகளில் உண்டு. மரம், கிணறு, புற்று, குளம் என்று ஊரின் உறுப்புகளை அடுக்கும்போது ‘மன்றும் கன்று மேய்பாழும்’ என்று சேர்த்துச் சொல்வது மரபு. கன்று மேயும் பாழ் என்பது ஊருக்குச் சொந்தமான ஓர் உறுப்பு; பயனற்றுக் கிடந்த நிலம் என்ற பொருள் அதில் இல்லை. சென்னையின் மந்தைவெளி போன்ற ஊர்ப் பெயர்களில் அந்தப் பழைய உறுப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் நிலம் வேறு கண்ணால் பார்க்கப்பட்டது. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு துண்டு நிலமும் அளக்கப்பட்டு, எண் இடப்பட்டு, பட்டாதார் பெயரில் ஏறியது. பட்டா ஆண்டின் பன்னிரண்டு மாதத்துக்கும் உரியது. பட்டா இல்லாதது புறம்போக்கு. அதில் ஊர் மாடுகளுக்கென்று ஒதுக்கியது மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைவெளிப் புறம்போக்கு. இராமநாதபுரமும் சிவகங்கையும் ஜமீன்களாக இருந்ததால் அங்கே இந்த அளவை தாமதமாக வந்தது. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே ரயத்துவாரி முறை அங்கே பரவியது. அளவை எங்கே வந்தாலும் ஒரு விடுபடல் கூடவே வந்தது. கிராமக் கணக்கின் அடங்கலில் எந்தச் சர்வே எண்ணில் எந்தப் பயிர், எத்தனை போகம், எந்தப் பாசனம் என்பதற்கு இடம் உண்டு. மாசி முதல் ஆனி வரை அந்த வயலில் யாருடைய ஆடு மேய்ந்தது என்பதற்கு இடமில்லை. மேய்ப்பனின் உரிமை வருஷத்தில் சில மாதங்களைச் சார்ந்தது. பரப்பை மட்டும் அறிந்த பதிவேட்டில் அதை எழுத வழியே இல்லை. அது வாய்ப்பேச்சாகவும் வழக்கமாகவும் மட்டுமே நீடித்தது. பின்னாளில் ஒவ்வொரு முறை நிலம் கைமாறியபோதும் மேய்ப்பனிடம் யாரும் கேட்காமல் போனதற்கு வேர் இங்கே இருக்கிறது.

புறம்போக்கு நிலத்தில் ஏறி உழுதவர்களைத் தண்டிக்க 1905இல் நில ஆக்கிரமிப்புச் சட்டம் வந்தது. நடைமுறையில் ஆக்கிரமித்தவர் அபராதம் கட்டிக்கொண்டே உழுது, சில காலம் கழித்துப் பட்டாவும் வாங்கிவிடுவது ஊர்தோறும் நடந்தது. மேய்ச்சல் நிலம் அப்படித்தான் ஏக்கர் ஏக்கராகக் கரைந்தது. அதில் நிலமற்ற ஏழைகளுக்கு வீடும் வயலும் கிடைத்ததும் உண்டு. அதைக் குறை சொல்ல முடியாது. ஊரில் இருந்து கேட்டவருக்குக் கிடைத்தது. பருவத்துக்குப் பருவம் வந்துபோகிறவர் கேட்கும் இடத்தில் இல்லை.

காடு வேறு வழியில் மூடியது. 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் பெரும்பரப்பை ஒதுக்குக் காடாக்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரங்களிலும் மேல்வெளிகளிலும் கோடையைக் கழித்த மந்தைகள் அதன்பின் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தி, சீட்டு வாங்கி உள்ளே போக வேண்டியிருந்தது. அனுமதிக்கப்பட்ட மாதம், தலை எண்ணிக்கை, எல்லை எல்லாம் சீட்டில் இருக்கும். இளந்தளிரைக் கடிக்கும் வெள்ளாட்டை வனத்துறை பகையாகவே பார்த்தது. பல காடுகளில் அதற்கு அனுமதியே இல்லை. காட்டு மேய்ச்சல் கெடுபிடிகள் மீதான புகார்கள் குவிந்ததால் 1913இல் சென்னை மாகாணத்தில் ஒரு வனக் குழு அவற்றை ஆராய்ந்தது. அதைத் தொடர்ந்து சில காடுகள் ஊர்ப் பஞ்சாயத்துகளின் பொறுப்புக்கு வந்தன. அங்கும் உள்ளூர் மாடுகளுக்குத்தான் முதலிடம். தலைமுறை தலைமுறையாக வந்துபோன மேய்ப்பன், வனத்துறையின் ஏட்டில் கட்டணம் செலுத்தும் அந்நியன் ஆனான்.

நீர்ப்பாசனத் திட்டங்கள் இதைவிடச் சத்தமில்லாமல் வேலை செய்தன. 1895இல் பெரியாற்று நீர் வைகைக்குத் திரும்பியதும் மதுரை, மேலூர்ப் பக்கத்து மானாவாரிகள் நன்செய் ஆயின. 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. அதன் பகுதியாக வெட்டிய கல்லணைக் கால்வாய் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வட்டாரங்களின் வறண்ட மேட்டு நிலத்துக்குக் காவிரியைக் கொண்டு போனது. இராமநாதபுரத்திலிருந்து படுகைக்குப் போகும் கிடைகளுக்கு அந்தப் பொட்டல் வழித்தங்கலாக இருந்தது. கால்வாய்க்குப் பின் அங்கே பயிர் ஏறியது. அதே சமயம் நன்செய் பெருகியதால் எருவுக்கான தேவையும் பெருகியது. ‘ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்’ என்பது உழவர் வழக்கு; ஆட்டுக் கிடையின் பலன் உடனடியாகக் கண்ணுக்குத் தெரியும். கடை உரம் ஊருக்குள் வராத அந்தக் காலகட்டத்தில் மேய்ச்சலும் பாசனமும் முரண்படவில்லை. கிடைக்காகப் பெரிய மிராசுதார்கள் கீதாரியிடம் முன்பணம் கொடுத்துக் காத்திருந்த நாட்கள் அவை. சிவகங்கை, மதுரைப் பக்கத்தில் புலிக்குளம் மாடுகளும் இதே வேலையைச் செய்தன. அவற்றுக்குக் கிடை மாடு என்றே பெயர். சல்லிக்கட்டில் இன்று புகழ்பெற்ற அந்த இனத்தை வளர்த்தெடுத்தது வயல்களில் எரு போட்டு நகர்ந்த மந்தைகளே.

உடைப்பு 1960களில் தொடங்கியது. 1960இல் தஞ்சாவூர் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தேர்வானது. குறுகிய கால ஆடுதுறை 27 நெல் பரவியது. மூட்டை உரம் மானிய விலையில் வந்தது. யூரியாவை ஒரு சாயங்காலத்தில் வீசிவிடலாம். கிடைக்கு ஆள் தேடி, கூலி பேசி, பல இரவு காத்திருக்க வேண்டும். சிறு விவசாயிக்கு உர மூட்டையே எளிதாகப் பட்டது. கிடைக்கூலி ஒரு காலத்தில் கீதாரியின் முதன்மை வருமானம். அது சுருங்கச் சுருங்க, இறைச்சிக்கு விற்கும் கிடாய்களை நம்ப வேண்டியதாயிற்று. மேய்ச்சலுக்கும் மண்ணுக்கும் இருந்த பரிமாற்றம் அப்படியே தளர்ந்தது.

வயலின் காலமும் சுருங்கியது. குறுவை, சம்பா, தாளடி என்று போகங்கள் நெருக்கமாயின. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஈர வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்துவிடுவது படுகை முழுக்கப் பரவியது. நெல் அறுத்த இடத்தில் பயறு முளைத்து நிற்கும். அது வீட்டுக்கு வர பங்குனி, சித்திரை ஆகும். தையிலேயே திறந்த வயல் இப்படி இரண்டு மாதம் பிந்தியது. ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர் கோடையில் பருத்தியோ நெல்லோ போட்டால் அந்த ஆண்டு அங்கே கிடைக்கு இடமே இல்லை. அறுவடை இயந்திரம் விட்டுப்போகும் வைக்கோலையும் இப்போது கட்டு கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்காமல் தாமதமாகும் ஆண்டுகளில் மட்டும் வயல்கள் நீண்ட நாள் தரிசாகக் கிடக்கும். குறுவைக்காரர் தலையில் கைவைக்கும் ஆண்டில் மேய்ப்பனுக்கு மேய்ச்சல் நீளும். அப்போதும் ஆடுகளுக்குக் குடிதண்ணீர் தேடி அலைவது அவன் பாடு.

புறப்படும் சீமையும் மாறிக்கொண்டிருந்தது. 1877இல் இந்தியாவுக்குள் வந்த சீமைக்கருவேலம், விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாக 1950களுக்குப் பிறகு இராமநாதபுரத்தில் பெருவாரியாகப் பரப்பப்பட்டது. அதன் இனிப்பான நெற்றுகளை ஆடுகள் விரும்பித் தின்னும். கடினமான விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து அடுத்த ஊரில் முளைக்கும். மேய்ப்பனின் சொந்த மந்தையே அவன் புல்வெளியை முள்காடாக மாற்றிய கொடுமை இது. புல் வளர்ந்த கண்மாய்த் தரைகளும் தரிசுகளும் அடர்ந்த முள்ளாயின. உள்ளே ஆடு போனால் திரும்பாது. கோடையில் நெற்று தீனியாகிறது என்ற ஒரு நன்மையும் இருப்பதால், மேய்ப்பர்களிடம் இம்மரத்தைப் பற்றி ஒரே பேச்சு கிடையாது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொன்னது. அகற்றுவதன் செலவும் விளைவும் பற்றிய வழக்குகள் அதன்பின்னும் ஓயவில்லை. அதற்கு வெகு முன்பே, 1981இல் சுவீடன் உதவியோடு தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய்களிலும் புறம்போக்குகளிலும் கருவேலங்கன்றுகள் நடப்பட்டன. கன்று வளரும் வரை சில ஆண்டுகள் ஆடு நுழையத் தடை. மரம் ஊருக்கு வருமானம் தந்தது. கோடையில் தண்ணீர் வற்றிய கண்மாய்த் தரையில் மேய்ந்த மந்தைக்கு அந்த ஆண்டுகள் போனது போனதுதான். அண்மைக்காலத்தில் கமுதியில் 2016இல் எழுந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரை வேலிக்குள் கொண்டுவந்தது. மானாவாரிப் புன்செய் ஆண்டில் பாதி சும்மா கிடக்கும். அந்தப் பாதியில்தான் ஆடுகள் வாழ்ந்தன. நிலம் விற்றவருக்குப் பணம் கிடைத்தது. அந்தப் பாதி ஆண்டை விற்க யாரிடமும் பத்திரம் இல்லை.

மலையிலும் இதே நெருக்கடி இன்னும் கூர்மையாக எழுந்தது. தேனி மாவட்டத்தின் மலை மாடுகள் மேகமலைக் காடுகளில் மேய்ந்தவை. 2021இல் அப்பகுதி ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் ஆனது. அடுத்த ஆண்டு மார்ச்சில் உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மாடு மேய்ப்பதைத் தடை செய்து, எதிர்ப்புக்குப் பின் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில், காட்டுப் பட்டிகளில் வளர்ந்த செந்நிற பர்கூர் மாடுகளின் மேய்ச்சல் காடு 2024இல் தந்தை பெரியார் சரணாலயத்துக்குள் வந்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 80,000 ஹெக்டேர். காட்டுயிர்களுக்கு இடம் வேண்டும் என்ற வாதம் உண்மையானது. மாட்டு நோய்கள் காட்டெருமைக்குத் தொற்றும் அபாயமும் பொய்யில்லை. ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மேய்ச்சலையும், நாடோடி மேய்ப்பர் பருவந்தோறும் வந்து பயன்படுத்தும் வழக்கத்தையும் உரிமையாகவே சொல்கிறது. மேய்ச்சல் உரிமை, காலத்தைச் சார்ந்த உரிமை என்று இந்தியச் சட்டம் ஒன்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது அரிதான நிகழ்வு. அந்த உரிமையைக் கோரி மனு எழுத, ஒரு ஊரில் நிலையாக இருந்து கிராம சபையில் பேச வேண்டும். நடந்துகொண்டே இருப்பவருக்கு அது எளிதல்ல. ஊர்ப் பொதுநிலங்களைக் காக்கச் சொன்ன 2011ஆம் ஆண்டு ஜக்பால் சிங் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் ஊராரின் பொதுநிலம் என்றே பேசுகிறது. வழிப்போக்கு மந்தையை அது எண்ணவில்லை.

மாற்றத்தின் சுமை மனிதர்மேலும் இறங்கியது. குடும்ப ஆள் குறைய, கிடைகளில் சம்பளத்துக்கு மேய்ப்பவர் பெருகினர். கடனுக்கு ஈடாகச் சிறுவர்களை ஆடு மேய்க்க அனுப்பியதும், டெல்டா மாவட்டங்களில் அதிகாரிகள் அவர்களைக் கொத்தடிமைகளாகக் கண்டு மீட்டதும் இந்நூற்றாண்டில் செய்திகளாக வந்தன. கிடை வாழ்வைப் பழம்பெருமையாக மட்டும் எழுதுவோர் மறைத்துவிடக் கூடாத பக்கம் இது. கணக்கெடுப்பிலும் ஒரு திருப்பம் தெரிகிறது. தமிழ்நாட்டில் செம்மறி 2012இல் ஏறத்தாழ 48 லட்சம், 2019இல் 45 லட்சம். வெள்ளாடு 81 லட்சத்திலிருந்து 99 லட்சத்தை நெருங்கியது. வெள்ளாட்டை வீட்டுக் கொட்டடியில் கட்டித் தழை ஒடித்துப் போட்டு வளர்க்கலாம். 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டமும் அதற்குத் துணை நின்றது. செம்மறிக்குத் திறந்த நிலம் வேண்டும், கூட்டம் வேண்டும், நடக்க வழி வேண்டும்.

சில கீதாரிகள் இன்று டெல்டாவிலேயே வாடகை வீடு எடுத்து ஆண்டு முழுவதும் தங்கிவிட்டார்கள். ஊருக்குப் போவது குலதெய்வப் படையலுக்கும் வாக்குப் போடவும். நெடுஞ்சாலைகளில் மந்தையை ஓட்டிப் போவது ஆபத்தாகிவிட்டதால் சினை ஆடுகளையும் குட்டிகளையும் சிறு லாரியில் ஏற்றுகிறார்கள். பனைமட்டைத் தட்டிகள் இருந்த இடத்தில் நைலான் வலை. இயற்கை வேளாண்மைக்குத் திரும்பிய வயல்காரர்களும், தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களும் கிடைக்கு மறுபடி ஆள் தேடுகிறார்கள். கூலி இப்போது ஆட்டுக் கணக்கில், இரவுக்கு இவ்வளவு என்று கைப்பேசியில் பேசி முடிகிறது. பயறு எடுத்த வயல் எந்த ஊரில் முதலில் திறக்கிறது, எங்கே பம்புசெட் ஓடுகிறது, எந்த வாய்க்காலில் மருந்தடித்த தண்ணீர் நிற்கிறது என்று ஒரு கீதாரி இன்னொருவரிடம் முன்னிரவில் விசாரித்துக்கொள்கிறார். விடிந்ததும் வலையைச் சுருட்டி, குட்டிக் கூடுகளை வண்டியில் ஏற்றி, மந்தை அடுத்த வயலை நோக்கி நகர்கிறது.